அவிழாத கொடி

அமைச்சர் கயிற்றை இழுத்தார். கொடி விரியவில்லை.

மறுபடியும் மறுபடியும் இழுத்தார். பொட்டலம் கிணற்று வாளி மாதிரி ஏறி இறங்கியதே தவிர, மசியவில்லை. பேண்டுக்காரர்கள் நாட்டுப்பண்ணை மூன்றாவது தடவையாக ஆரம்பித்து, மூன்றாவது தடவையாக நிறுத்தினார்கள்.

அலுவலகப் பியூன் கம்பத்தடிக்கு ஓடிவந்தார். நேற்றுக் கொடியைக் கட்டி வைத்தவர் அவர்தான். ஆறு வருஷத் தற்காலிக வேலை, அடுத்த மாதம்தான் நிரந்தரமாகப் போகிறது.

“ஏய்யா, இதைக் கட்டினது கையா, காலா?” சூப்பிரண்டு எல்லார் எதிரிலும் எகிறினார். “உன் வேலை இன்னியோட காலி!”

“ஒரே ஒரு உருவு முடிச்சுதான் சார் போட்டேன்…”

“வாயை மூடு!”

பொட்டலத்தை இறக்கிப் பார்த்தார்கள். ஏழு முடிச்சு! அமைச்சரின் டிரைவர் பல்லால் கடித்து இழுத்தார். பல் ஆடியதுதான் மிச்சம்.

“கத்தரிக்கோல் கொண்டாங்கய்யா!” என்றார் அமைச்சர்.

“டி.வி.க்காரங்க முன்னாடி கொடிக்கயித்தை வெட்டினா நல்லாவா இருக்கும் ஐயா?” சூப்பிரண்டு குழைந்தார். “வாசல்ல நூல் மில் பொம்பளைங்க உக்காந்திருக்காங்க. எப்பேர்ப்பட்ட சிக்கலையும் எடுத்துருவாங்க.”

அமைச்சர் முகம் சுருங்கியது. அநியாயமாக வேலையை விட்டுத் துரத்தப்பட்ட பெண்கள் அவர்கள். மூன்று வருஷமாக மனுவோடு அங்கேயே கிடக்கிறார்கள். சுதந்திரத்தைப் பற்றி நாலு வார்த்தை பேசிவிட்டு, பின்வாசல் வழியாகத் தான் மட்டும் விடுதலையாகிவிடுவது அமைச்சரின் வருஷாந்திர வழக்கம்.

இன்று கேமரா பார்த்துக்கொண்டிருந்தது.

“சரி, கூப்பிடு” என்றார் வேறு வழியில்லாமல்.

ஒரு அக்கா வந்தாள். விரல் நுனியால் நாலு நெம்பு நெம்பினாள். அவ்வளவுதான், அத்தனையும் விட்டுக்கொடுத்தது. கொடி ஏறி ஜம்மென்று பறந்தது. பேண்டு ஒருவழியாகப் பாட்டை முடித்தது.

அக்கா நகரவில்லை. இடுப்பிலிருந்து மனுவை எடுத்து நீட்டினாள்.

“கூலியெல்லாம் வேணாம்யா. இதை மட்டும் படிச்சுப் பாருங்க.”

கூட்டம் கைதட்டியது. அமைச்சர் அசட்டுச் சிரிப்போடு படித்தார். ஒரு வாரத்தில் விசாரணை என்று அங்கேயே கையெழுத்தும் போட்டார்.

கார் போனதும் பியூன் தயங்கித் தயங்கி வந்தார்.

“சார், சத்தியமா நான் போட்டது ஒரு முடிச்சுதான். என் வேலை…”

சூப்பிரண்டு சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

“தெரியும்யா. மிச்ச ஆறும் நான் போட்டது. விரலெல்லாம் கடுக்குது, போய் உன் வேலையைப் பாரு!”