சர்க்கரை போடாத டீ

"வந்துட்டாரு பாருங்க, பழத்தைத் தூக்கிக்கிட்டு. ஆளை இடிச்சுத் தள்ளிட்டு ஒரு மன்னிப்புக் கேட்க வக்கில்லை. கேட்டா வாயில இருக்கிற முத்து உதிர்ந்துடுமா?"

ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்துவிட்டு டைலரம்மா அடுப்படிக்குப் போனாள். டைலரைக் கட்டிக்கொண்ட நாளிலிருந்து தெருவில் அவளுக்கு அதுதான் பெயர்.

"மெதுவா பேசு. அவர் காதுல விழப்போகுது," என்றார் டைலர், மாவுக்கட்டுப் போட்ட காலை ஸ்டூல் மேல் நீட்டியபடி.

"விழட்டும்னுதான் பேசறேன்."

விழுந்துதான் இருக்கும். ஆனால் லாரிக்காரர் எதுவும் கேட்காதவர் போலச் செருப்பை வாசலில் விட்டுவிட்டு, "கால் எப்படிண்ணே இருக்கு?" என்றபடி உள்ளே வந்தார்.

சந்துக்குள் அவர் திருப்பிய லாரியும் ஓரமாக வந்த பைக்கும் மோதியதில் பைக் நசுங்கிப் போனது, டைலரின் கால் முறிந்தது. நஷ்டஈட்டுக் கேஸ் நடக்கிறது. அந்தப் பணம் கைக்கு வந்தால்தான் காலுக்கு இன்னொரு ஆபரேஷன். ஆபரேஷன் நடந்தால்தான் டைலர் மறுபடியும் தையல் மெஷினை மிதிக்க முடியும்.

அதுவரைக்கும் யார் மிதிப்பது? லாரிக்காரர்தான். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் வந்து மெஷின் முன்னால் உட்கார்ந்துவிடுவார். பக்கத்து நாற்காலியில் இருந்து டைலர் துணியைப் பிடித்துத் தள்ளுவார். கை ஒருத்தருடையது, கால் ஒருத்தருடையது.

"மெதுவா தம்பி. நாம தைக்கிறது ஜாக்கெட். மலைப்பாதையில லோடு ஏத்தல."

"பழக்கதோஷம்ணே. கால் தானா அழுத்துது."

"பிரேக்கைத் தேடாத. இதுல கிடையாது."

இரண்டு பேரும் சிரித்தார்கள். வாரம் முழுக்கச் சுவரையே பார்த்துக்கொண்டிருக்கும் மனுஷன் ஞாயிற்றுக்கிழமைதான் சிரிக்கிறார். அடுப்படியில் இருந்த டைலரம்மாவுக்கு அது சந்தோஷமாகத்தான் இருந்தது. அதற்காகக் கோபத்தை விட்டுவிட முடியுமா?

டம்ளர் இரண்டிலும் டீ ஊற்றினாள். ஒன்றில் சர்க்கரை போட்டாள். லாரிக்காரர் டம்ளருக்கு வந்ததும் டப்பாவை மூடிவிட்டாள். முதலில் மன்னிப்பு வரட்டும், சர்க்கரையைப் பிறகு பார்க்கலாம்.

லாரிக்காரர் கடைசிச் சொட்டு வரை குடித்துவிட்டு, "டீ நல்லா இருந்துச்சு அண்ணி," என்றார். அதுதான் அவளுக்கு இன்னும் எரிச்சல்.

"தம்பி, அன்னைக்கு அந்தத் திருப்பத்துல நான் என்ன பண்ணேன்னா..." என்று டைலர் மெல்ல ஆரம்பித்தார்.

"டீ ஆறுது. குடிச்சுட்டுப் பேசுங்க," என்றாள் டைலரம்மா. அவள் பார்த்த பார்வையில் டைலர் டம்ளருக்குள் முகத்தை நுழைத்துக்கொண்டார்.

கிளம்பும்போது லாரிக்காரர் வாசல்படியில் தயங்கி நின்றார். "அண்ணே..." என்றார். தொண்டை வரைக்கும் ஏதோ வந்தது, அங்கேயே நின்றுவிட்டது.

"அடுத்த வாரம் வர்றேண்ணே."

"பாத்தீங்களா?" என்றாள் டைலரம்மா, அவர் தலை மறைந்ததும். "கல்நெஞ்சம்."

ஒருவழியாகத் தீர்ப்பு வந்தது. ரோட்டில் பதிந்த டயர் தடத்தையும் போலீஸ் வரைந்த படத்தையும் வைத்து, கண்ணாடியைப் பார்க்காமல் திரும்பிய லாரி மேல்தான் பெரிய தப்பு என்றார்கள். ஓரமாக நுழைந்த பைக் மேலும் கொஞ்சம் தப்பு உண்டு என்று அதற்குத் தக்கபடி நஷ்டஈட்டைக் குறைத்துக்கொண்டார்கள். வந்த பணம் ஆபரேஷனுக்குப் போதும்.

அன்று சாயங்காலமே லாரிக்காரர் வந்து நின்றார். கையில் பழம் இல்லை. செருப்பைக் கழற்றக்கூடத் தோன்றவில்லை அவருக்கு.

"அண்ணே, என்னை மன்னிச்சிடுங்க. ஒரே ஒரு தடவை கண்ணாடியைப் பார்த்திருந்தா உங்களுக்கு இந்தக் கதி வந்திருக்காது. எங்க ஓனரோட வக்கீல்தான், 'போய்ப் பாரு, உதவி பண்ணு, மன்னிப்பு மட்டும் கேட்டுடாதே, கேட்டா தப்பை ஒத்துக்கிட்டதா ஆயிடும்'னு சொல்லிட்டாரு. நெஞ்சுல கல்லை வச்சுக்கிட்டு மெஷினை மிதிச்சேண்ணே."

குழந்தை மாதிரி அழுதார்.

டைலர் நாற்காலியோடு முன்னால் நகர்ந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

"நீதான்பா என்னை மன்னிக்கணும். நீ சிக்னல் போட்டதைப் பார்த்துட்டுதான் நுழைஞ்சேன். முந்திடலாம்னு ஒரு நினைப்பு. ஆஸ்பத்திரியில உன்னைப் பார்த்த அன்னைக்கே சொல்லணும்னு தவிச்சேன்."

"உங்க வக்கீலும் வாயைக் கட்டிட்டாரா?"

"வக்கீல் கட்டியிருந்தா அவுத்திருப்பேன் தம்பி. கட்டினது உங்க அண்ணி. 'வாயைத் திறந்தீங்கன்னா ஆபரேஷனும் போச்சு, காலும் போச்சு'ன்னு என்கிட்ட சத்தியமே வாங்கிட்டா."

இரண்டு பேரும் திரும்பிப் பார்த்தார்கள்.

அடுப்படி வாசலில் டைலரம்மா நின்றிருந்தாள். அவளுக்கும் சொல்ல ஒரு வார்த்தை இருந்தது. எந்த வக்கீலும் அவளைத் தடுக்கவில்லை, யாருக்கும் அவள் சத்தியம் செய்து கொடுக்கவும் இல்லை. ஆனாலும் அந்த வார்த்தை தொண்டையைத் தாண்டி வரமாட்டேன் என்றது.

சட்டென்று உள்ளே போனாள். சற்று நேரத்தில் ஒரு டம்ளரோடு வந்து லாரிக்காரர் முன்னால் நீட்டினாள். அவர் முகத்தைப் பார்க்கவில்லை.

"குடிங்க தம்பி. சர்க்கரை போட்டிருக்கேன்."