பெஸ்ஸுக்கு ஊதிய விசில்

வலப்பக்கம் போகச் சொல்லி மர்டோ விசில் ஊதினான். அவனுடைய மந்தை நாய் பெஸ் இடப்பக்கம் ஓடியது.

அடுத்து, நீளமாக ஒரே ஊது. நில் என்று அர்த்தம். பெஸ் சட்டென்று புல்லோடு புல்லாகப் படுத்துவிட்டது.

ஆக, காது நன்றாகத்தான் கேட்கிறது. திமிர்தான் ஏறிவிட்டது.

நேற்று மலையிலும் இதே கூத்து. சினை ஆடுகளை வலப்பக்கமாகப் போய் மடக்கச் சொன்னான். அது இடப்பக்கம் போய் விரட்டியதில் பாதி மந்தை பாறை விளிம்பைத் தாண்டி விழுந்தது. கீழே ஆற்றில் செத்துக் கிடந்தவற்றை அவன் ஒவ்வொன்றாக எண்ணினான்.

ஆட்டை விளிம்பில் தள்ளிய நாயை அந்த மலைப் பண்ணைகளில் யாரும் வைத்துக்கொள்வதில்லை. அடுத்தவன் தலையில் கட்டுவதுமில்லை. வளர்த்தவன் கையாலேயே முடித்துவிட வேண்டும்.

மர்டோவுக்கு மனசு கேட்கவில்லை. இன்னொரு தடவை பார்த்துவிடலாம் என்றுதான் வீட்டுக்குப் பின்னால் கூட்டி வந்து ஊதிப் பார்த்தான். பாழாய்ப் போன நாய், அதையும் கெடுத்துக்கொண்டது.

கையில் அப்பாவின் பழைய மான் துப்பாக்கி. பெஸ்ஸுக்கு வலி தெரியக் கூடாதென்று அதையே எடுத்து வந்திருந்தான்.

தோளில் அறுவைச் சிகிச்சை ஆனதிலிருந்து அவனால் அதன் உதையைத் தாங்க முடியவில்லை. குழல் முனையில் மரை வெட்டி, பக்கவாட்டில் துளைகள் உள்ள, பிரேக் என்கிற சிறு குழாயை மாட்ட வைத்தான். உதை குறைந்தது. சத்தம் மட்டும் திரும்பி வந்து சுடுகிறவன் முகத்திலேயே அறைந்தது.

காதுக்கு மூடி போட்டுக்கொள் என்று மாட்டிக் கொடுத்தவன் சொல்லத்தான் செய்தான். காதைப் பொத்திக்கொண்டு எவனாவது மான் வேட்டைக்குப் போவானா என்று மர்டோ சிரித்துவிட்டான். ஒரு பருவம் முழுக்க வெறும் காதோடு சுட்டான். அதற்கப்புறம்தான் மனைவி நோலீன் வாய்க்குள்ளேயே பேசுகிறாள் என்று குறைபட ஆரம்பித்தான்.

பெஸ் படுத்தபடியே அவனைப் பார்த்தது. அடுத்த விசிலுக்குக் காத்திருந்தது.

சுட்டான்.

காதுக்குள் ஒரே ரீங்காரம். சமையலறைக் கதவைத் திறந்துகொண்டு நோலீன் ஓடி வந்தாள். வாய் அசைந்தது, ஒன்றும் கேட்கவில்லை. கிட்டே வந்து அவன் காதில் கத்தினாள்.

"பெஸ் நீ சொன்னபடிதானே போனா? இடப்பக்கம்னு ஊதிட்டு எதுக்குச் சுட்ட?"

"வலப்பக்கம்னுதான் ஊதினேன்."

நோலீன் பயத்தோடு அவனையே பார்த்தாள்.

வலப்பக்கத்துக்கு ஊதினால் முடிவில் ஓசை மேலே ஏற வேண்டும். இடப்பக்கத்துக்கு இறங்க வேண்டும். இத்தனை வருஷமாக ஊதுகிறவனுக்கா தெரியாது?

மர்டோ விசிலை மறுபடி வாயில் வைத்தான். நிதானமாக, வலப்பக்கத்துக்கு ஊதினான்.

கூண்டுக்குள் இருந்த, விசிலுக்குப் பழகிய பெஸ்ஸின் குட்டிகள் இரண்டும் துள்ளி எழுந்து, இடப்பக்கக் கம்பியில் போய் மோதின.