ஆறாவது குறிப்பு

இணையதளம் கட்டப் பழகுவோருக்கான பாடத்திலிருந்து காலாவதியான குறிப்புகளை நீக்கிக்கொண்டே வந்த மங்கையர்க்கரசி ஆறாவதில் நின்றுவிட்டாள். ‘இந்த நிரல் ஓடாவிட்டால் தவறு உங்களுடையதல்ல.’ பத்து வருடங்களுக்கு முன் இதே பாடத்தைப் படிக்கையில், விட்டுவிடலாம் என்று அழுதுகொண்டு எழுந்தவளை மறுபடி உட்கார வைத்த வரி அது.

“பழைய மென்பொருள் பதிப்போட கோளாறுக்காக எழுதினது அக்கா. இப்ப எல்லாருக்கும் ஓடுது, தூக்கிருங்க,” என்றான் உடன் வேலை செய்யும் ஞானராஜ்.

“ஓடலைன்னா?”

“அப்ப தப்பு அவங்களோடதுதான்.”

நீக்கினாள். நீக்கியவரே புதிதாய்ப் படிப்பவரைப் போலப் பாடத்தை ஒருமுறை செய்து பார்க்க வேண்டும் என்பது அங்கே வழக்கம். முதல் வரியிலிருந்து எழுத்துப் பிசகாமல் செய்துகொண்டே வந்தாள். முடிவில் தளம் தோன்றாமல் திரை வெள்ளையாகவே நின்றது.

ஞானராஜ் எட்டிப் பார்த்தான். “எங்க தப்பு விட்டீங்கக்கா?”

அவள் கண்கள் அந்த வரி இருந்த இடத்துக்குப் போயின.