மெயின் சுவிட்ச்

படிக்கட்டுக்கு அடியில் இருந்த மெயின் சுவிட்சைக் கோவிந்தம்மா இரண்டு கையாலும் பிடித்துக் கீழே இழுத்தாள்.

மாடியில் பிலோமியின் பிரௌசிங் சென்டரில் ஃபேன்கள் நின்றன. யாரோ "அய்யோ" என்றார்கள்.

யு.பி.எஸ். செத்து மூன்று மாதம். அதையும் விசாரித்து வைத்திருந்தாள்.

புழுக்கம் தாங்காமல் நாலைந்து பேர் இறங்கிப் போனார்கள். கடைசியாக இறங்கியது அவள் புருஷன் திருமலை. மாடிப்படி இருட்டில் சுவரோடு ஒட்டி நின்றவளை அவன் கவனிக்கவில்லை. நேராக எதிர்ப்பக்க டீக்கடைக்குப் போனான்.

ஒரு கிளாஸ் டீ குடிக்கிற நேரம்தான் அவளுக்கு. ஆனால் திருமலை ஆற்றி ஆற்றிக் குடிக்கிறவன். அது ஒரு தைரியம்.

சுவிட்சை மேலே தள்ளிவிட்டுப் படியேறினாள்.

முகத்துவாரக்குப்பத்தில் இரண்டு மாதமாக இதே பேச்சு. கைநாட்டு வைக்கிற மனுஷன், விடியற்காலையில் கடலிலிருந்து வந்து படுத்து எழுந்து, நாலு மணி ஆனால் தலையைச் சீவிக்கொண்டு கத்திவாக்கம் பஜாருக்குக் கம்ப்யூட்டர் பார்க்கப் போகிறான். அதில் அப்படி என்னதான் பார்ப்பான்? கேட்டால் சிரித்து மழுப்புகிறான். அதில் பொம்பளைங்க முகத்தைப் பார்த்தே பேசலாமாம் என்று நாத்தனார் சொன்னதிலிருந்து கோவிந்தம்மாவுக்குச் சோறு இறங்கவில்லை.

பிலோமியைக் கேட்டாயிற்று. யார் என்ன பார்க்கிறார்கள் என்று யாரிடமும் சொல்வதில்லை என்று அவள் கையை விரித்துவிட்டாள்.

ஆனால் போன வாரம் ரேஷன் கார்டு மனு அடிக்க இங்கே வந்தபோது கோவிந்தம்மா ஒன்றைக் கண்டுபிடித்திருந்தாள். பாதி மனுவில் கரண்ட் போனது. திரும்ப வந்ததும், யாரும் கேட்காமலே மெஷின் அந்தப் பாதி மனுவைத் தானாக எடுத்து வைத்தது. ஒழுங்காக மூடினால் மறந்துவிடும், படாரென்று அணைந்தால் மறக்காது என்று பிலோமியே பெருமையாக விளக்கினாள்.

அன்றைக்கே கோவிந்தம்மாவின் கண் மெயின் சுவிட்சைத் தேட ஆரம்பித்துவிட்டது.

"அவுரு குந்துறது எந்த மெஷினு?"

"அக்கா, கரண்ட்ட புடுங்கினது நீயா?" பிலோமி வாயைப் பிளந்தாள். ஆனால் அவள் கண் மூன்றாம் நம்பர் பக்கம் போய்விட்டது. அது போதும்.

கோவிந்தம்மா உட்கார்ந்து பொத்தானை அழுத்தினாள். கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்துகள் ஓடின. இருபத்தாறு வருஷக் குடித்தனம். எவளாக இருந்தாலும் ஒரு தடவை முகத்தைப் பார்த்துவிட வேண்டும். பார்த்த பிறகு என்ன செய்வது என்று அவள் யோசிக்கவில்லை. பயமாகத்தான் இருந்தது. பயத்தைவிட ஆசை பெரிதாக இருந்தது.

ஒரு பக்கம் தானாகத் திறந்தது.

கப்பல். அடிப்பாகம் சிவப்பு, மேலே வெள்ளை.

அடுத்தது திறந்தது. வெறும் நீலக் கடல், நடுவில் ஒரு சின்ன அம்புக்குறி.

மூன்றாவது. ஏதோ ஒரு கடலின் காற்றும் அலையும், கலர் கலராக.

இன்னும் வரும் என்று காத்திருந்தாள். வரவில்லை.

"இது இன்னா கப்பலு?"

இனி மறைத்து என்ன என்று பிலோமி நினைத்திருக்க வேண்டும். "ஒங்க வெற்றி ஏறிப்போன கப்பல்தாங்கா. எங்க போய்க்கினு கீது, அங்க காத்து எப்டி அடிக்குதுன்னு டெய்லி பாப்பாரு. வூட்ல சொல்லக்கூடாதுன்னு மாதா மேல சத்தியம் வாங்கிக்கினாரு."

வெற்றி அவர்களுடைய ஒரே மகன். மீன்பிடி போட்டுக்கு வரமாட்டேன் என்று சொல்லி மூன்று வருஷத்துக்கு முன் கப்பலில் சமையல் வேலைக்குப் போனவன். அன்றைக்கே அவனைத் தலைமுழுகிவிட்டதாகத் திருமலை ஊர் கேட்கக் கத்தினான். அந்தப் பெயரையே வீட்டில் எடுக்கக் கூடாது என்றான்.

கோவிந்தம்மாவுக்கு முதலில் சிரிப்பு வந்தது. பிறகு சட்டென்று வாயைப் பொத்திக்கொண்டாள்.

படியில் செருப்புச் சத்தம். திருமலை வாசலில் வந்து நின்றான். மனைவியைப் பார்த்தான், திரையில் கப்பலைப் பார்த்தான். பிலோமி இரண்டடி பின்னால் நகர்ந்துகொண்டாள்.

அவன் கத்தவில்லை. கையும் களவுமாகப் பிடிபட்டவனாகப் பின்னந்தலையைச் சொறிந்தான். பிறகு ஒரு நாற்காலியை இழுத்து அவள் பக்கத்தில் போட்டு உட்கார்ந்து, அந்த அம்புக்குறியை விரலால் தொட்டுக் காட்டினான்.

"இன்னிக்கி அங்க பேய்க்காத்து. வெற்றி இன்னா பண்றானோ. நாளைக்கி நீயும் வாம்மே, ரெண்டு பேருமா பாக்கலாம்."

கோவிந்தம்மாவால் அவன் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

நாளை வெள்ளிக்கிழமை. வெள்ளிக்கிழமைதோறும் கோயிலுக்கு என்று சொல்லிவிட்டு அவள் போவது வியாசர்பாடி ஹவுசிங் போர்டுக்கு. வெற்றி அந்தக் கப்பலை விட்டு இறங்கி ஒன்றரை வருஷம் ஆகிறது. தானாகப் பெண் பார்த்துக் கட்டிக்கொண்டு அங்கே இரண்டாம் மாடியில் குடியிருக்கிறான். தெரிந்தால் திருமலை அரிவாளைத் தூக்குவான் என்று பயந்து அவள்தான் மூடி மறைத்தாள்.

பேரனுக்கு இந்த மாதம் பல் முளைத்திருக்கிறது.