சிவப்பு வீடு

"மேடம், இந்த வீட்டைப் பாருங்க. பக்கவாதக் கேஸா வந்து குவிஞ்சிருக்கு."

கத்துக்குட்டிக்கு இருப்புக் கொள்ளவில்லை. மாரடைப்பும் பக்கவாதமும் ஊரில் எங்கெங்கே அதிகம் என்று வரைபடம் போட்டு ஆராயும் பயிற்சியில் கடைசியாகச் சேர்ந்தவன் அவன். அதனால் அந்தப் பட்டப்பெயர். ஆஸ்பத்திரிப் பதிவில் இருக்கும் முகவரியைப் பார்த்து, நோயாளிக்கு ஒரு சிவப்புப் புள்ளி வைக்க வேண்டும். மற்றவர்கள் படத்தில் புள்ளிகள் சிதறிக் கிடந்தன. இவன் படத்தில் ஒரே வீட்டின் மேல் அப்பிக்கொண்டு நின்றன.

குடிதண்ணீரில் கோளாறோ? நாளைக் கூட்டத்தில் எல்லார் முன்னாலும் இதைச் சொன்னால், ஆராய்ச்சிக் குழுவில் காலியாக இருக்கும் ஒரே இடம் அவனுக்குத்தான்.

பயிற்சி தரும் கறார் மேடம் திரையைப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"முகவரியில ஏதோ கோளாறு. அந்தப் புள்ளியெல்லாம் எடுத்துடு."

நேரில் போய்ப் பார்த்துவிட்டு வரட்டுமா என்று கேட்டான்.

"வேண்டாம். ஒரு புள்ளி பொய்யா இருந்தாலும் மொத்தப் படமும் பொய். எடு."

பக்கத்து மேசைக்காரி அவன் காதைக் கடித்தாள். "உன் கண்டுபிடிப்பை அமுக்கப் பாக்கறாங்கடா. நாளைக்கே தன் பேர்ல போட்டுக்குவாங்க, பாரு."

கத்துக்குட்டிக்கு ரத்தம் கொதித்தது. வேலை முடிந்ததும், தண்ணீர் பிடிக்க ஒரு காலி பாட்டிலோடு கிளம்பிவிட்டான். அந்தத் தெருவில் கால் வைத்தபோது நெஞ்சு அடித்துக்கொண்ட வேகத்துக்கு, அவனுக்கே ஒரு புள்ளி வைக்க வேண்டியிருக்கும் போலிருந்தது.

மணியை அடித்தான். இடது காலை இழுத்து இழுத்து வந்து ஒரு பெரியவர் கதவைத் திறந்தார்.

"ஐயா, இந்த வீட்டுல நிறையப் பேருக்குப் பக்கவாதம் வந்திருக்காமே?"

பெரியவர் வாய் ஒரு பக்கம் கோணச் சிரித்தார். இது அவர் வீடே இல்லையாம். அவருடைய ஊர் ரொம்பத் தூரமாம். இங்கே உள்ளூர்க்காரர்களுக்கு மட்டும்தான் சிகிச்சை இலவசம். ஆஸ்பத்திரி வாசலில் அவரைக் கிடத்திவிட்டு மகள் அழுதுகொண்டிருந்தபோது, யாரோ ஒரு அம்மா வந்து, கேட்டால் என் வீட்டு முகவரியைச் சொல்லு என்றாராம். நடக்க வரும்வரை இங்கேயே தங்கிக்கொள்ளவும் சொன்னாராம்.

"எனக்கு முன்னாடி எத்தனையோ பேரு தம்பி. எல்லாரும் எழுந்து நடந்து போயிருக்காங்க."

கண்டுபிடிப்பு கைநழுவிப் போனது கத்துக்குட்டிக்குப் புரிந்தது. ஆனாலும் மனசு துள்ளியது. அந்த அம்மாவை ஒரு தடவை பார்த்துவிட வேண்டும் என்று தோன்றியது.

"யாருங்க வாசல்ல?"

துண்டில் கையைத் துடைத்தபடி உள்ளேயிருந்து வந்தது கறார் மேடம்.

அவனைப் பார்த்ததும் மேடத்தின் முகம் வெளுத்துவிட்டது. நாளை அவன் வாயைத் திறந்தால் மேடத்தின் வேலை போகும். திறக்காவிட்டால் ஆராய்ச்சிக் குழுவில் அவனுக்கு இடம் கிடைக்காது.

பாட்டிலைப் பைக்குள் தள்ளினான்.

"ஒண்ணுமில்ல மேடம். வீடு மாறி வந்துட்டேன்."