நாதம் இல்லாத ஓடு

திரேஸ் நாட்டு மலையில் ஒரு பாட்டுக்காரன் இருந்தான். அவன் யாழை மீட்டினால் போதும், மரங்கள்கூட வேரைப் பிடுங்கிக்கொண்டு கேட்க வந்துவிடும். ஒரு நாள் அவன் பாட்டைக் கேட்க ஓர் ஆமையும் ஆசையாகக் கிளம்பியது. அது பாதி வழி போவதற்குள் பாட்டு முடிந்து, கூட்டமும் கலைந்துவிட்டது. எதிரே ஒரு மான் மட்டும் பதறிக்கொண்டு வந்தது.

"அந்தப் பக்கம் போகாதீங்க அக்கா! யாழ் கீழே விழுந்து உடைஞ்சுபோச்சு. புதுசு செய்ய ஓடு தேடிக்கிட்டிருக்கான்."

"என்ன ஓடு?"

"யாழை எதிலே செய்யறாங்கன்னு நினைச்சீங்க? ஆமை ஓட்டிலேதான்."

ஆமைக்கு உயிரே போய்விட்டது. திரும்பி நாலடி வைப்பதற்குள் பாட்டுக்காரன் வந்து தூக்கிவிட்டான். அது தலையையும் காலையும் உள்ளே இழுத்துக்கொண்டது. அவன் பானை வாங்குகிறவனைப்போல விரல்முட்டியால் ஓட்டைத் தட்டி, காதை வைத்துக் கேட்டான். இன்னொரு தடவை தட்டினான். உதட்டைப் பிதுக்கினான்.

"சே, நாதமே இல்லை" என்று புல்லில் இறக்கிவிட்டுப் போய்விட்டான்.

"அப்பாடா!" என்று ஆமை தலையை நீட்டியது.

புதரிலிருந்து மான் ஓடிவந்தது. "தப்பிச்சீங்க அக்கா! நான் அழவே ஆரம்பிச்சுட்டேன்."

இரண்டும் சிரித்துச் சிரித்து ஓடைக்கரை வரை நடந்தன. அங்கே ஆமை சட்டென்று நின்றது.

"ஏய், உன் குளம்பாலே ஒரு தடவை தட்டிப் பாரேன். அவனுக்குச் சரியாத் தட்டத் தெரியலை."