ஏரிக்கரை மிருகம்

ஒரு வாரமாக டிவியில் சேலையூர் ஏரிக்கரை மர்ம மிருகத்தைக் காட்டிக்கொண்டிருந்தார்கள்.

ஷீலா கணவன் ஆல்வினுக்குத் திரும்பத் திரும்பப் போன் செய்தாள். அவன் எடுக்கவில்லை.

"பயப்படாத ஷீலா. நம்ம தெரு ஆம்பளைங்க இரும்புக் கம்பியோட ஏரிக்குப் போயிருக்காங்க. இன்னிக்கு அதை அடிச்சே கொன்னுடுவாங்க," என்றாள் பக்கத்து வீட்டு ஃபஹீமா.

ஷீலா செருப்புகூடப் போடாமல் ஏரிக்கு ஓடினாள்.

"எங்கடி போற? குதறிடும்டி," என்று கத்திக்கொண்டே ஃபஹீமாவும் பின்னால் ஓடினாள்.

புதருக்குள் கறுப்பு ரோமத்தோடு அது அடிபட்டு முனகிக்கொண்டு கிடந்தது. ஒருவர் மறுபடியும் கம்பியை ஓங்கினார். ஷீலா பாய்ந்துபோய் அதைக் கட்டிக்கொண்டாள்.

"அடிக்காதீங்கண்ணா. டிவிக்காரங்கதான் வேஷம் போட்டு ஓடவிட்டாங்க. இது என் வீட்டுக்காரர்."

கம்பி கீழே விழுந்தது. ரோமத்துக்குள்ளிருந்து ஆல்வின் அழும் சத்தம் கேட்டது.